பட்டி நின்ற இடமெல்லாம்

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூட்டைக்காரர் என்றால்தான் தெரியும். உடம்பைப் பார்த்து வைத்த பட்டம் இல்லை அது. ஆள் ஊதினால் பறந்துவிடுவார். ரோட்டில் போகிற மனிதர் சட்டென்று குனிந்தால் ஏதோ காசு கிடந்தது என்று நினைப்போம். இவர் குனிந்தால் ஒரு கைப்பிடி இலை கிடந்தது என்று அர்த்தம். அதைத் தோளில் தொங்கும் சாக்கில் போட்டுக்கொண்டுதான் மறுவேலை. விருந்துக்குக் கூப்பிட்டாலும் இடுப்பில் ஒரு சாக்கை மடித்துச் செருகிக்கொண்டு வருவார். "அது எதுக்குங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன். "சமைக்கிற இடத்துல காய்த்தோல் கிடக்கும்ல" என்பார். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பது இவருக்காகவே சொன்னது.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், வானம் பார்த்த பூமி. இருபத்தெட்டு ஆடுகள். வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் சமையல், சாப்பாடு, படுக்கை எல்லாம். இன்னொன்றில் என் தையல் மிஷின். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அந்த அறையில் மிஷினுக்கும் எனக்கும் கிடைத்த இடம் ஒரு கட்டில் அளவு. மற்றதெல்லாம் அவருடைய மூட்டைகள், கூரை வரைக்கும். என்னுடைய வெட்டுத்துணியைக் கிழித்துத்தான் மூட்டை வாயைக் கட்டுவார். சிவப்புத் துணி என்றால் கடலைக்கொடி. நீலம் என்றால் காய்ந்த இலை. வெள்ளை என்றால் முள்மரத்தின் காய்ந்த காய், அதாவது நெற்று. அந்த நெற்று மூட்டையிலிருந்து சின்னச் சின்ன வண்டுகள் கிளம்பி, நான் தேய்த்து மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகளின் மேல் ஊர்வலம் போகும். ஒரு தாய் சட்டையை உதறிப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, உங்ககிட்ட தைச்சா வண்டு இலவசமா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் இருபத்தெட்டு ஆடுகளும் வாயை மூடிக்கொண்டு நின்றன.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். போன வாரம் கேட்டிருந்தால் கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அவர் மூட்டைக்காரர் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் மழை அடுத்தடுத்து இரண்டு தடவை பொய்த்தது. அப்போது நாற்பது ஆடு வைத்திருந்தோம். புல் போயிற்று, சோளத்தட்டை போயிற்று, கடைசியில் ஆடுகள் சிமெண்டுப் பையின் காகிதத்தைத் தின்றன. அதைப் பார்த்த மறுநாள் இவர் எல்லாவற்றையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரே ஒரு நொண்டி ஆட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை. சாயங்காலம் அதை இழுத்துக்கொண்டு வந்தவர், வாசலில் கால் கழுவப் போன இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தின்னக்கூடிய எதையும் அவர் தரையில் விட்டதில்லை.

அந்த ஒற்றை நொண்டியைக் காப்பாற்றியவர் பக்கத்து நிலத்துக்காரர். அவர் நிலத்தில் கிணறு உண்டு என்பதால் நாங்கள் கிணற்று அண்ணன் என்போம். நான் அண்ணே என்பேன், என் வீட்டுக்காரர் மச்சான் என்பார், அவர் இவரை மாப்ளே என்பார். இரத்த உறவு ஒன்றும் இல்லை, வாய் உறவுதான். "ஒத்தை ஆட்டுக்கு எவ்வளவு வேணும்? என் நெலத்துல விடு மாப்ளே" என்றார். ஒன்று மூன்றாகி, மூன்று பத்தாகி, இன்றைக்கு இருக்கிற இருபத்தெட்டும் அந்த நொண்டியின் வம்சம். அதோடு ஒரு ஏற்பாடும் வளர்ந்தது. அறுவடை முடிந்ததும் அவருடைய எட்டு ஏக்கர் தாளும் தட்டையும் உதிர்ந்த தானியமும் எங்கள் ஆடுகளுக்கு. பதிலுக்கு, மழைக்கு முன்னால் நாற்பது ராத்திரி எங்கள் ஆடுகள் அவர் நிலத்தில் படுக்க வேண்டும். மூங்கில் படல்களை நான்கு பக்கமும் நிறுத்திப் பட்டி போட்டு, உள்ளே ஆடுகளை அடைப்போம். இரண்டு ராத்திரிக்கு ஒரு தடவை பட்டியை இடம் மாற்றுவோம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை, பேச்சு மட்டும்தான்.

அந்தத் தட்டை எங்களுக்கு இரண்டு மாதத் தீனி. அது நின்றால் பாதி ஆடுகளை விற்றாக வேண்டும். இது எங்கள் வீட்டுச் சுவருக்கும் தெரியும்.

இந்த வருடம் கோடை இழுத்துக்கொண்டே போயிற்று. சிவப்பு மூட்டை தீர்ந்தது, நீல மூட்டை தீர்ந்தது. வெள்ளை மூட்டை மட்டும் நாற்பத்து மூன்று இருந்தது. முள்மரத்து நெற்று இனிப்பாக இருக்கும், ஆடுகளுக்கு உயிர். மற்ற வருடங்களில் அதைப் பொட்டல் காட்டில் மேயும்போது பகலில் கொஞ்சமாகப் போடுவார். இந்த வருடம்தான் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. நெற்று தின்றால் புழுக்கை கனமாக விழும், உரம் நன்றாக இருக்கும், மச்சான் நிலத்துக்கு அதைவிட என்ன செய்துவிட முடியும் என்று தோன்றியிருக்கிறது. பட்டி போட்ட நாற்பது நாளும், சாயங்காலம் ஒரு மூட்டை நெற்றைச் சுமந்துகொண்டு போய்ப் பட்டிக்குள்ளேயே கொட்டினார். நான்கூட, "பாசம் பொங்குது" என்று கேலி செய்தேன்.

ஆடு நெற்றின் சதையைத்தான் செரிக்கும். கொட்டை கல் மாதிரி. கொஞ்சத்தை அசை போடும்போது துப்பிவிடும், மிச்சம் புழுக்கையோடு அப்படியே வெளியே வரும். வயிற்றுச் சூட்டில் ஊறி வந்த கொட்டை, மரத்தடியில் கிடக்கிற கொட்டையைவிட வேகமாக முளைக்கும். பொட்டல் காட்டில் முள் முளைத்தால் யார் கண்டது? முள்ளோடு முள்ளாகப் போய்விடும். இது எங்கள் இரண்டு பேருக்கும் இந்த எட்டு வருடத்தில் மண்டையில் உறைக்கவே இல்லை.

மழை வந்தது. கிணற்று அண்ணன் ஏர் ஓட்டிப் பயறு விதைத்தார். விதைத்த மூன்றாம் நாள் அவருக்குக் கண் ஆபரேஷன். டவுனில் மகள் வீட்டில் தங்கிப் பத்து நாள் கழித்துத்தான் வருவதாக அண்ணியும் அவரும் பெட்டியோடு கிளம்பினார்கள். வழியனுப்பப் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். "நெலத்தை ஒரு பார்வை பாத்துக்க மாப்ளே" என்றார். அந்த நேரம் பார்த்துப் பால்வண்டிக்காரர் வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பத்து ஏக்கர் உண்டு. "மூட்டைக்காரரே, அடுத்த வருஷம் உங்க ஆட்டை எங்க நெலத்துல அடைங்களேன்" என்று அண்ணன் காது கேட்கவே கேட்டார். என் வீட்டுக்காரருக்கு யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொல்ல வராது. "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். பஸ் வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

அடுத்த நாலாம் நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. விடியும் முன்னே எழுந்து போவார், வெயில் ஏறித் திரும்புவார், முழங்காலெல்லாம் சேறு. சாயங்காலம் மறுபடியும் போவார். என்ன என்று கேட்டால் வயிற்று வலி என்பார். வயிற்று வலிக்காரருக்கு முழங்காலில் ஏன் சேறு? படுத்தால் புரண்டுகொண்டே கிடப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர் குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் நான். அது இல்லாமல் எனக்கும் தூக்கம் போயிற்று. ஏதோ பெரிய வியாதி, என்னிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ நெருடியது. விரல் நீளத்தில் ஒரு செடி, நுனியில் இன்னும் கொட்டையின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது, சீப்புப் பல் மாதிரி சின்ன இலை. முள்மரத்துக் கன்று. பையைத் திருப்பிக் கொட்டினேன். முப்பதுக்குக் குறையாது. சோப்பை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் நிலத்துக்கு நடந்தேன்.

அங்கே மண்டியிட்டுக் கிடந்தார் மனிதர். பக்கத்தில் சாக்கு. பயறு இரண்டு இலை விட்டிருந்தது. அதற்கு நடுவே, எங்கள் பட்டி எங்கெல்லாம் நின்றதோ அங்கெல்லாம், கோடு போட்டு அடைத்த மாதிரி சதுரம் சதுரமாக முள் முளைத்திருந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவே தேவை இல்லை. இருபது சதுரம்.

"என்னங்க இது?"

"கத்தாதே."

"கத்தாம? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்களா?"

"பத்து நாள்ல புடுங்கிடலாம்னு பாத்தேன்" என்றார். "இப்ப ஈரம் இருக்கு, வேரோட வருது. இன்னும் ஒரு வாரம் போனா ஆணிவேர் இறங்கிடும். அப்புறம் இழுத்தா அறுந்துதான் வரும், அறுந்த இடத்துல நாலாத் துளிரும். அவர் நெலம் முள்ளுக்காடாயிடும்."

"எத்தனை முடிஞ்சுது?"

"ஏழு சதுரம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நெற்றைச் சுமந்துபோய்க் கொட்டிய கோபம் இல்லை. அண்ணன் ஊருக்குப் போய் ஆறாம் நாள் வரைக்கும் என்னிடம் சொல்லாத கோபம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதும் இல்லாமல், அதைத் தனியாகவே மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். திட்டிக்கொண்டே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டாவது சதுரத்தில் உட்கார்ந்தேன்.

நாலு நாள். விடிந்ததும் உட்கார்ந்தால் வெயில் சுடும் வரைக்கும், மறுபடி வெயில் தாழ்ந்ததும். பயற்றை மிதிக்காமல், வேர் அறாமல், ஒவ்வொன்றாக. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. பிடுங்கியதைச் சாக்கில் கொண்டுபோய் ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தார். நாற்பது நாள் அந்த மரத்தின் நெற்றைத் தின்று கொழுத்த வாய், இலையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. "பாத்தியா, இதுங்களுக்குக்கூட வேணாமாம்" என்றார். அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பத்தாம் நாள் காலை இருபதாவது சதுரம் முடிந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். பச்சைப் பயறு மட்டும்தான் தெரிந்தது. பகல் பஸ்ஸில் அண்ணன் வருகிறார்.

"முடிஞ்சு போச்சும்மா" என்றார் மெதுவாக. "இனிமே சொல்லித்தான் ஆகணுமா? ஆபரேஷன் பண்ண கண்ணு. கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாரு. அவருக்குத் தெரியவா போகுது?"

"நாம விட்ட ஒண்ணு ரெண்டு இருந்தா? அது வளந்து, அறுவடையில அவர் கையைக் குத்தினா? அப்பத் தெரியாதா?"

"தட்டையை நிறுத்திட்டாருன்னா?"

"நிறுத்தட்டும். பாதி ஆட்டை வித்துட்டு மீதியோட இருப்போம். மறுபடியும் ஒரு நொண்டியிலேருந்து ஆரம்பிச்சாலும் சரி. நீங்க இப்படித் தூங்காம கிடக்கிறதை என்னால பாக்க முடியாது."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அண்ணன் வீட்டுக்கு நடக்கும்போது எந்தெந்த ஆட்டை விற்பது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன்.

அண்ணன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பெரிய கறுப்புக் கண்ணாடியோடு. அண்ணி பெட்டியிலிருந்து மருந்துப் புட்டிகளை எடுத்து ஜன்னலோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனதும் அண்ணன் எழுந்தே விட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மாப்ளே, உடைச்சுச் சொல்லிடு. பால்வண்டிக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டியா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன வாக்கு மச்சான்?"

"அதான், பஸ் ஸ்டாப்புல கேட்டானே. பாக்கலாம் பாக்கலாம்னியே. கண்ணைக் கட்டிப் போட்டுட்டாங்க, கிடந்து அதையேதான் நெனச்சுகிட்டிருந்தேன். உன் ஆடு வரலேன்னா என் நெலத்துல என்ன விளையும்? வெறும் கிணத்துத் தண்ணியை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?"

"பத்து நாளா இதே பொலம்பல்" என்றாள் அண்ணி. "கண்ணு வலிக்குதான்னு டாக்டர் கேட்டா, ஆடு வருமான்னு இவர் என்னைக் கேக்குறாரு."

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள்தான் அவரை நம்பிப் பிழைக்கிறோம் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இவர் சிரிக்கவில்லை. நின்ற நிலையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நெற்று, நாற்பது சாயங்காலம், இருபது சதுரம், எல்லாம். முகத்துக்கு நேராக ஒரு கஷ்டமான பேச்சை அவர் முழுசாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணன் முகம் மாறியது. "முள்ளா? என் நெலத்துலயா?" என்றார். செருப்பைக் காலால் தேடினார். "கூட்டிட்டுப் போ."

அண்ணி தூசி படும் என்று தடுத்துப் பார்த்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வரப்பில் நடந்தார். நான் பின்னால் போனேன். முதல் சதுரத்தில் அவரே மண்டியிட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்குள்ளிருந்து என்ன தெரிந்ததோ, கையால்தான் பார்த்தார். பயற்றின் தண்டைத் தடவினார், இலையை விரலால் அளந்தார். பக்கத்தில் பட்டி நிற்காத இடத்துக்கு நகர்ந்து அங்கேயும் அளந்தார். பட்டி நின்ற இடத்துப் பயறு ஒரு விரல் உயரம் கூடுதல். அடுத்த சதுரம், அதற்கடுத்தது என்று தவழ்ந்து போய்க்கொண்டே இருந்தார். செடிக்கடியில் ஒவ்வொரு இடமாகத் துழாவினார்.

ஆறாவது சதுரத்தில் கை நின்றது. இரண்டு விரலால் எதையோ பிடித்து, அடியில் மண்ணைத் தளர்த்தி, மெதுவாக இழுத்தார். வேர் முழுசாக வந்தது. எழுந்து இவர் கையில் வைத்தார்.

"இந்தா. ஒண்ணை விட்டுட்ட."

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்தா புடுங்குனீங்க இவ்வளவையும்?"

"ஆமாண்ணே" என்றேன் நான்.

"தங்கச்சி, இவனுக்குத்தான் கிறுக்குன்னா உனக்குமா? ஒரு போன் போட்டிருந்தா நாலு ஆளை அனுப்பியிருப்பேன்ல." கோபமாகத்தான் சொன்னார். ஆனால் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிறகு இவர் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. அடுத்த வருஷம் நெத்தை முழுசாப் போட்டா நானே உன்னைப் பட்டியில அடைச்சுடுவேன். நல்லாக் காய வச்சு மில்லுல அரைச்சுப் போடு. கொட்டை நொறுங்கினா முளைக்காது. ஆட்டுக்கும் அதுல சத்து."

"மில்லுக்காரர் ஒத்துக்க மாட்டாரு மச்சான். நெத்துல இனிப்பு இருக்கு, கல்லுல ஒட்டிக்கும்பாரு."

"ஒடிச்சா சத்தம் வர்ற வரைக்கும் காய வை, ஒட்டாது. மில்லுக்காரன்கிட்ட நான் பேசுறேன். அப்புறம் நாப்பது ராத்திரி பத்தாது, அம்பது. பால்வண்டிக்காரன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடு. உனக்கு வாய் வராது. தங்கச்சி, நீ சொல்லிடு."

"இப்பவே சொல்லிடுறேன்" என்றேன்.

சொல்லியும் விட்டேன். திரும்பும் வழியில் பால்வண்டிக்காரரே எதிரில் வந்தார், வேலை சுலபமாயிற்று. அவர் போன பிறகு, இவர் இன்னும் அந்த ஒற்றைக் கன்றைக் கையில் வைத்திருப்பதைக் கவனித்தேன்.

"அதைத் தூக்கிப் போடுங்க."

"மச்சான் இதைக் கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சும்மா" என்றார்.

"ஏன்? இடுப்பு ஒடியப் பாடுபட்டோம், ஒண்ணு மாட்டிகிச்சேன்னு எனக்கு வருத்தமா இருக்கு."

"இல்லை. இது அவர் கையில கிடைக்கலேன்னா, கண்ணு தெரியாமத்தான் நம்மளை விட்டுட்டாருன்னு சாகுற வரைக்கும் நெனச்சுகிட்டிருப்பேன். இப்பப் பாத்துட்டாரு. பாத்துட்டும் அம்பது ராத்திரி கேக்குறாரு."

வீட்டுக்கு வந்ததும் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மிஷின் அறைக்குப் போனவர், காலியான வெள்ளை மூட்டைச் சாக்குகளை விரித்து அதன் மேலேயே சாய்ந்தார். சாய்ந்த நிமிஷமே குறட்டை. வெயில் நேரம், பட்டப்பகல், கதவு திறந்து கிடந்தது. வண்டு ஒன்று அவர் சட்டைமேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு நாற்பது சட்டை பாக்கி. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். மிஷினை மிதித்தால் எழுந்துவிடுவார் என்று, சட்டைகளையும் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்து பொத்தான் துளைகளைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தேன்.